திங்கட்கிழமை மணிக்கட்டு

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையின் வேன் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. சிம்பாங் பூலாயில் அந்த வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான். ஒருத்திக்காக இவ்வளவு தூரம் வேன் விட முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தொழிற்சாலை ஜெலாப்பாங்கில் இருக்கிறது. நடுவில் ஈப்போ நகரம் முழுதாகக் கிடக்கிறது. பஸ் மாறி மாறிப் போவதென்றால் காலை ஷிப்டுக்கு முதல் நாளே கிளம்ப வேண்டும்.

"வேலைய விட்டுடுலா," என்றார் வீட்டுக்காரர். "இங்க பக்கத்துலயே எதாச்சும் கடையில பாரு."

"இத்தன வருஷம் செஞ்ச வேலைய விட்டுட்டு, கடையில போயி பொட்டலம் மடிக்கவா? நான் மோட்டார் ஓட்டப் போறேன்."

அவர் லோரி ஓட்டுகிறவர். சிம்பாங் பூலாயில் மலையை உடைத்து எடுக்கும் கல்லை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போய் வருகிறவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமாம். போனது மறுபடி கண்ணாடியில் தெரியும்வரை மூச்சு விட மாட்டேன் என்று எப்போதோ ஒரு நாள் சொன்னார். ஒரு நாள்தான் சொன்னார். மற்ற நாட்களில் எல்லாம் "சொன்னா கேக்க மாட்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நான் கேட்கவில்லை. ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். குறுகலான பலகைமேல் விழாமல் போக வேண்டும், எட்டுப் போட வேண்டும், சிக்னல் கொடுத்து நிற்க வேண்டும். எல்லாமே ஆமை வேகத்தில்தான். வலது கைப்பிடியைக் கொஞ்சம் தொட்டாலே போதும், வண்டி நகரும். முதல் தடவை பலகையிலிருந்து கீழே இறங்கிவிட்டேன். இரண்டாவது தடவை தேறினேன். லைசன்ஸ் கைக்கு வந்த அன்று வாயெல்லாம் பல்.

வாழ்நாளெல்லாம் யாரோ ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனவள் நான். முதலில் அப்பா முதுகு, பிறகு அண்ணன் முதுகு, பிறகு இவர் முதுகு. முன்னால் உட்கார்ந்தால் ரோடு இவ்வளவு அகலமாகத் தெரியும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. விடியற்காலையில் சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் மேகம் நிற்க, நெஞ்சில் குளிர் அடிக்காமலிருக்கக் காற்றுச் சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டு நான் போவதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். சந்தோஷம்தான். அதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் முதல் வாரத்திலேயே மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வலது கை. பெருவிரலின் அடியில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி வந்து, முழங்கை வரைக்கும் ஏறும் வலி. தொழிற்சாலைக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை விரித்தால் விரல்கள் விரிய யோசிக்கும். என் வேலை பிஸ்கட் டின்களுக்கு மூடி அழுத்துவது. உள்ளங்கையை மூடிமேல் வைத்து ஒரே அழுத்து, 'டப்' என்று உட்கார வேண்டும். கை நன்றாக இருந்தால் அது ஒரு வேலையே இல்லை. இப்போதோ ஒவ்வொரு டின்னும் என்னைப் பார்த்து முறைத்தது.

அந்த வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். மாதா கோயிலுக்குப் போகிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே மோட்டார் சைக்கிளில் சுற்றியவள். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"என்னக்கா, கைய ஒதறிக்கிட்டே இருக்கீங்க?"

சொன்னேன். அவள் சிரித்தாள்.

"புது ஆளுங்க எல்லாருக்கும் வரும்லா. பயத்துல கைப்பிடிய கழுத்த நெரிக்கற மாதிரி புடிப்பீங்க. கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரி புடிங்கக்கா. அது சாவவும் கூடாது, ஓடவும் கூடாது."

மறுநாள் கோழிக்குஞ்சு பிடித்தேன். வண்டி ஓடவில்லை. அதாவது, இளக்கமாகப் பிடித்தால் கைப்பிடி திரும்பவே மாட்டேன் என்றது. இறுக்கிப் பிடித்து முறுக்கினால்தான் வேகம் எடுத்தது. என் குஞ்சு பிழைக்க வழியே இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப உக்கார்ற விதத்தப் பாருங்க. முன்னால சாஞ்சு, ஒடம்பு பாரத்த எல்லாம் கைமேல போடறீங்களா?"

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பின்னால் தள்ளி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு மேலே தூக்கிக்கொண்டு இருக்கக் கூடாது, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேராக இருக்க வேண்டும் என்றாள். அதையும் செய்தேன். இடது கைக்கும் தோளுக்கும் நல்ல சுகம். தோள்பட்டையை இத்தனை நாள் காதுவரை தூக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டி எட்டிப் போகிறதென்று பிரேக் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கித் தரச் சொன்னேன். வண்டி வாங்கின கடையிலேயே இறக்கிக் கொடுத்தார்கள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கையை எடுத்து உதறச் சொன்னாள். உதறினேன். பக்கத்துக் காரில் இருந்த சீனக் கிழவர் நான் அவருக்கு வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையைக் காட்டினார்.

உடம்பு முழுக்கச் சரியாகிவிட்டது. வலது மணிக்கட்டு வலி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அதிலும் ஒரு விசித்திரம். திங்கட்கிழமை வலி உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வெள்ளிக்கிழமை ஓரளவுக்கு மனுஷியாக இருப்பேன். மறுபடியும் திங்கட்கிழமை பழைய கதை. இடையில் மழை பெய்தால் எந்தக் கிழமையாக இருந்தாலும் வலி. ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் மழை பெய்யாத நாளைத் தேடத்தான் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது மேசையே சிரித்தது. எங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை தலை வலிக்கும், கால் வலிக்கும், உனக்கு மணிக்கட்டா என்றார்கள். அதற்கு 'திங்கட்கிழமை மணிக்கட்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், விரலைத் தட்டிப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். மூடி அழுத்துகிறேன் என்றதும் தலையை ஆட்டினார். வீட்டில் ஓய்வெடுக்க எம்சி கொடுத்து, தேய்க்க ஒரு மருந்தும், கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்து, குறையவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். எம்சியில் வீட்டில் இருந்த நாட்களில் வலி ஓடியே போனது. வண்டியில் ஏறிய அன்றே திரும்பி வந்தது.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார்.

"ஒத்துக்கலன்னா விட்டுடுலா. ஒன் கை அதுக்குப் பழகல. ஈரக்காத்து வேற. தீவாளி வரைக்கும் பாரு. சரியா வரலன்னா மோட்டார வித்துடலாம். என்ன சொல்ற?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவர் மெதுவாக, பயந்துகொண்டே சொன்னார். அதனால் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வண்டி போனால் வேலையும் போகும். வேலை போனால் மறுபடியும் யாராவது ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் எங்கேயும் போக வேண்டும். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. கடைகளில் அப்போதே பலகார டப்பாக்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த டப்பாக்களில் எங்கள் தொழிற்சாலை டின்னும் இருந்தது.

இந்த இடத்தில் வண்டிக்குப் பூசை போட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

புது வண்டி வாங்கினால் எங்கள் வீட்டில் முதலில் போகும் இடம் முனியாண்டி கோயில். வீட்டுக்காரர் பிறந்த தோட்டம் சித்தியவான் போகும் வழியில் இருந்தது. ரப்பர் போய் இப்போது முழுக்க எண்ணெய்ப் பனை. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் எதுவும் இல்லை. கோயில் மட்டும் ரோட்டோரம் அப்படியே நிற்கிறது. பூசாரி அண்ணன் ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்குப் பாதுகாவலராக இருக்கிறார். வாரக் கடைசியில் வந்து கோயிலைத் திறப்பார். அன்று ராத்திரி வேலை முடித்து நேராக வந்தவர், நீல நிறக் கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு தீபாராதனை காட்டினார். கடையிலிருந்து கோயில் வரைக்கும் வண்டியை ஓட்டி வந்தவர் வீட்டுக்காரர். நான் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், முனியாண்டிக்குச் சுருட்டு வைத்தார்கள். பிறகு பூசாரி அண்ணன் சாமி காலடியில் வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்து, பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டப் போனார்.

"கண்ணாடியில வேணாம்ணே," என்றார் வீட்டுக்காரர். "காத்துல பறந்துடும். அவ கை படற எடத்துல கட்டுங்க."

"கண்ணாடியிலதான்லா எல்லாருக்கும் கட்டுவேன்."

"இல்லணே, கைகிட்ட கட்டுங்க. கெட்டியா."

பூசாரி அண்ணன் தோளைக் குலுக்கிக்கொண்டு வலது கைப்பிடியின் உள்பக்கத்தில், கை வைக்கும் இடத்தை ஒட்டி, சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டார். சாமி துணி என் கைக்குப் பக்கத்திலேயே இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. வீடு திரும்பும்போது நான்தான் முன்னால். வீட்டுக்காரர், பூசைக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவரின் காரில் பின்னாலேயே வந்தார்.

இது நடந்ததையே நான் மறந்துவிட்டேன். யாராவது என்னைப் பிடித்து, உன் மணிக்கட்டுக்கும் முனியாண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தால், அவர்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. வீட்டுக்காரருக்கு அரை நாள் வேலை. காலையில் காரைக் கிளப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது. முனகிக்கொண்டே என் சாவியை வாங்கிக்கொண்டு போனார். முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. வண்டி இன்னும் சொட்டச் சொட்ட நின்றது. அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டி, அந்தக் கோயில் நாளை விட்டால், பல வருஷம் இருக்கும்.

மத்தியானம் வந்தார். குளித்தார். சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பும் சோறும் தட்டில் போட்டுக் கொடுத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கரண்டி இருக்கா?" என்றார்.

சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டு நான் பார்க்காத மனுஷர். கல்யாண வீட்டில் கரண்டி கொடுத்தாலே ஓரமாக வைத்துவிடுவார். கொண்டுவந்து கொடுத்தேன். அதை இடது கையில் வாங்கினார். இடது கையால் மீன் முள்ளோடு அவர் பட்ட பாடு கண்கொள்ளாக் காட்சி. சாப்பிட்டு முடித்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கு வழியாகத் தைலம் மணந்தது.

கதவைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்து வலது மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். திருடன் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குமா?"

"பழக்கம் விட்டுப் போச்சு, அதான்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. கட்டின கணவனுக்குக் கை வலிக்கிறது, நான் வாசற்படியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க லோரி ஸ்டியரிங்கைத் திருப்புகிற கை அது. அந்தக் கையே இங்கேயிருந்து குவாரிக்குப் போய் வருவதற்குள் படுத்துவிட்டதென்றால், என் கையில் என்ன குறை? என் கையில் ஒரு குறையும் இல்லை. இத்தனை நாளாக நான் அதைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்திரிங்க. மோட்டாரப் பாக்கலாம்."

"கேபிள் காஞ்சிருக்கும்லா. கொஞ்சம் டைட்டா இருக்குன்னு நானும் பாத்தேன்."

இருவரும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனோம். இன்ஜினைக் கிளப்பாமலே வலது கைப்பிடியை அவர் முறுக்கினார். பிறகு கையை எடுத்தார். கைப்பிடி முறுக்கின இடத்திலேயே நின்றது.

அவர் அதையே பார்த்தார். மறுபடியும் முறுக்கிக் கையை எடுத்தார். மறுபடியும் நின்றது.

"விட்டா திரும்பணும்," என்றார். அவர் குரலே மாறிவிட்டது. "கைய எடுத்தா தானா திரும்பி வரணும். காலையில அவசரத்துல நான் கவனிக்கவே இல்ல."

"தானாவா? நான்தான் ஒவ்வொரு தடவையும் திருப்பி விடுவேன்."

அவர் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஓட்டுநர் பள்ளியில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினவள். கைப்பிடியை விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முறுக்குவதும் நம் வேலை, திருப்புவதும் நம் வேலை என்று நினைத்துக்கொண்டேன். முறுக்க ஒரு மல்லுக்கட்டு, திருப்ப ஒரு மல்லுக்கட்டு என்று போகும்போதும் வரும்போதும் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கோ வேறு கணக்கு. அவர் மனதில் லோரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கை நழுவினாலும் வேகம் குறையாத வண்டியில் ஒருத்தி அந்த லோரிகளுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தாள்.

நான் குனிந்து கைப்பிடியின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். சிவப்புத் துணி. பாதி கைப்பிடி மேலும் பாதி அசையாத பகுதி மேலும் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கீழ்மடிப்பு ஒன்று இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. நனைந்த துணி கல் மாதிரி இறுகிப் போயிருந்தது.

"இதாங்க," என்றேன். "கட்டி இத்தன நாள் ஆச்சு. தளர்ந்து போயிருக்கணும்ல? எப்படி இவ்ளோ டைட்டா இருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"என்னாங்க?"

"நான்தான்," என்றார். "ஞாயித்துக்கெழமை கார் கழுவறப்ப மோட்டாரையும் கழுவுவேன்ல. முடிச்சு லூசா இருக்கும். அவுந்து விழுந்துடக் கூடாதுன்னு… ஒவ்வொரு வாரமும் இழுத்து இறுக்கிக் கட்டுவேன்."

ஞாயிற்றுக்கிழமை இறுக்கு, திங்கட்கிழமை வலி. வெள்ளிக்குள் கொஞ்சம் தளரும், மழை பெய்தால் மறுபடி இறுகும். டாக்டருக்குப் புரியாதது, சாப்பாட்டு மேசை பெயர் வைத்துச் சிரித்தது, நான் குளியலறையில் அழுதது எல்லாமே அந்த ஒரு முழத் துணிக்குள் இருந்தது. வண்டியின் பக்கத்தில் அவர் குந்தி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ ஞாயிறு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறார் பார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். என் கையை நொண்டியாக்கிவிட்டு, கை பழகவில்லை என்று எனக்கே சொன்ன ஆள் இவர். வாயைத் திறந்தேன். தைலம் பூசின கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் முதலில் முழித்தார். பிறகு அவரும் சிரித்தார்.

அவிழ்க்கலாமா என்று அடுத்த சந்தேகம். சாமி துணி. கத்தரிக்கோலைக் கொண்டுவர எனக்கும் துணிச்சல் இல்லை, அவருக்கும் இல்லை. பூசாரி அண்ணனுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பூசாரி அண்ணன் சொன்னார்:

"முனியாண்டி ஒன்னும் கோவிச்சுக்க மாட்டாருலா. ஒரு கற்பூரத்த ஏத்திட்டு அவுருங்க. கண்ணாடியில கட்டறேன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

கற்பூரம் ஏற்றினோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். அதற்கப்புறம் நடந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள். அவருக்கு வலது கை இல்லை, எனக்கும் வலது கை இல்லை. இரண்டு இடது கைகள் சேர்ந்து ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தன. நான் ஒரு நுனியை இழுத்தால் அவர் இன்னொரு நுனியை இழுப்பார், முடிச்சு இன்னும் இறுகும். "நீங்க சும்மா இருங்க" என்று நான் கத்த, "நீ சும்மா இருலா" என்று அவர் கத்தினார். கடைசியில் சமையலறையில் கிடந்த சாத்தே இறைச்சி கோக்கும் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து முடிச்சுக்குள் விட்டு நெம்பினேன். முதல் முடிச்சு விட்டது. அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. எல்லாம் அவர் போட்டவை. கீழே இருந்த பூசாரி அண்ணனின் முடிச்சு ரொம்பச் சாதுவானது, தொட்டதும் விட்டுவிட்டது.

இடுக்கில் இருந்த மடிப்பை நான் உருவி எடுத்ததும், முறுக்கின நிலையிலேயே நின்றிருந்த கைப்பிடி 'டக்' என்று தன் இடத்துக்குத் திரும்பியது. இருவரும் திடுக்கிட்டோம்.

அவர் ஒரு விரலால் முறுக்கினார். விட்டார். டக். என்னைப் பார்த்தார். நான் முறுக்கினேன். விட்டேன். டக். பூ மாதிரி திரும்பியது.

துணியைக் கண்ணாடிக் கம்பியில் கட்டும்போது அவர் கேட்டார். "லூசா கட்டட்டா?"

"பறந்து போனாலும் போவட்டும். லூசாவே கட்டுங்க."

கட்டினார். எழுந்து நின்று பார்த்தார். பிறகு என் வலது கையை எடுத்து, தன் மணிக்கட்டுக்குப் பூசின அதே தைலத்தை என் மணிக்கட்டுக்கும் பூசிவிட்டார். விற்றுவிடலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலை வண்டியை எடுத்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்தேன். குஞ்சு பிழைத்துக்கொண்டது. பின்னால் தள்ளி உட்கார்ந்து, தோளை இறக்கி, மணிக்கட்டை நேராக வைத்து, இதுவரை சொல்லிக் கொடுத்தவை அத்தனையையும் செய்தேன். எல்லாமே இப்போதுதான் வேலை செய்தன. முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. கையை எடுத்தேன், வண்டி தானாகவே அடங்கியது. எனக்கு அங்கேயே இறங்கி யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நகரத்தைத் தாண்டி ஜெலாப்பாங் வந்து, வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னால் வலது கையை விரித்துப் பார்த்தேன். அஞ்சு விரலும் சொன்னபடி கேட்டன.

"எப்படிக்கா, திங்கட்கிழமை மணிக்கட்டு?" என்றாள் வரிசையில் என் பக்கத்தில் நிற்பவள்.

நான் ஒரு டின்னை எடுத்து, மூடியை வைத்து, ஒரே அழுத்து அழுத்தினேன். டப். அவள் கண்ணை விரித்தாள். என்ன மருந்து போட்டீங்க, எனக்கும் சொல்லுங்க என்று மத்தியானம் மேசையே கேட்டது. புருஷனை ஒரு நாள் வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்று சொன்னேன். முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோனது நான்தான், மோட்டார் சைக்கிளில். கண்ணாடிக் கம்பியில் சிவப்புத் துணி படபடத்தது. இன்னும் பறந்து போகவில்லை.

வீட்டுக்காரர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி, வண்டியையும் கழுவுகிறார். முடிச்சைத் தொடுவதில்லை. துடைத்து முடித்ததும் வலது கைப்பிடியை ஒரு முறை முறுக்கி விடுவார். சமையலறையில் இருக்கும் எனக்கு அந்த 'டக்' கேட்கும். பத்திரமாகப் போ என்று அவர் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார். அந்தச் சத்தத்தோடு சரி.

சில ஞாயிறுகளில் அவருக்கு ஓவர்டைம் வரும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார், எதையும் கழுவ நேரம் இருக்காது. நான் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். காரின் கதவு திறப்பதற்கு முன்னால் வெளியே 'டக்' என்று கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் நான் திரும்பிப் படுத்துத் தூங்குவேன்.